இருபத்து மூன்றாம் கட்டை

அந்த விரிசல் ஒரே ஒரு முறைதான் வந்தது. அதை மறுபடி வரவழைக்க பெர்சிஸ் ஐந்து வாரமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

ஜூலை மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, மாலை ஐந்தே கால். கோயம்புத்தூர் அவிநாசி சாலையில் ஒரு கண்காட்சி அரங்கு. நாலாயிரம் பேர் நின்றபடியே ஆடிக்கொண்டிருந்தார்கள். மேடையில் பெர்சிஸ் ஒருத்திதான். அவள் முன்னால் அறுபத்தொரு கட்டைகள் உள்ள கீபோர்டு. ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு சாம்பிள், அதாவது ஒரு துண்டுச் சத்தம். விசைத்தறி ஓடுவது, தகரக் கூரையில் மழை விழுவது, கடை ஷட்டரை இழுத்து மூடுவது. இதெல்லாம் அவள் ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்து ஏற்றியவை. இடது கைப்பக்கம் முதல் முப்பத்திரண்டு கட்டைகள் மட்டும் வேறு ரகம். அவை மனிதக் குரல்கள்.

மூன்று வருடமாக, ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம் ஓடும் அதே நான்கு பாட்டுகளை அதே வரிசையில் வாசித்துவந்தாள். கூட்டம் குறையவில்லை. ஆனால் அன்று அவளுக்குச் சலிப்புத் தட்டியது. இரண்டாவது பாட்டின் நடுவில் தாளம் அத்தனையையும் சட்டென்று நிறுத்தினாள். எந்தத் திட்டமும் இல்லாமல் இருபத்து மூன்றாம் கட்டையை அழுத்தி அப்படியே பிடித்துக்கொண்டாள்.

இருபத்து மூன்று ஒரு பெண்ணின் 'ஆ'. நீளமான, கொஞ்சம் வறண்ட, அலங்காரமில்லாத குரல். மூன்றாவது நொடியில் அந்தக் குரல் விரிசல் விட்டது. பழைய வேட்டியை இரண்டாகக் கிழிப்பது போல ஒரு சத்தம். ஒட்டிக்கொண்டது. மறுபடி கிழிந்தது. அவள் விரலை எடுக்கவில்லை. பதினோரு நொடிகள் பிடித்திருந்தாள். விரலை எடுத்தபோது நாலாயிரம் பேரும் மூச்சுவிடாமல் நின்றார்கள். முன்வரிசையில் ஒருவன் காரணம் தெரியாமல் அழுதுகொண்டிருந்தான். பிறகு அரங்கே அலறியது.

அன்று வராதவர்கள் அதைக் கேட்க வழியே இல்லை. மனிதக் குரலைப் பதிவு செய்வது குற்றம். பதினோரு வருடத்துக்கு முன் போலிக்குரல்கள் நாட்டைப் படுத்திய பாட்டில் வந்த சட்டம் அது. இல்லாத குழந்தைகள் போனில் அழுதன. செத்துப்போன கணவன்மார்கள் கூப்பிட்டுப் பேசினார்கள். ஒரு தலைவர் பேசாத பேச்சால் இரண்டு ஊர்கள் எரிந்தன. அதன்பின் குரல் என்றால் அந்தக் கணத்தில், உயிருள்ள ஒரு தொண்டையிலிருந்து வந்தாக வேண்டும் என்று ஆனது. அதனால் அந்த விரிசல் வாய்வழியாகவே பரவியது. பஸ்ஸில், கல்லூரி வாசலில், பேக்கரியில் பையன்களும் பெண்களும் தலையைத் தூக்கி "ஆ... ஆ..." என்று கிழித்துக் காட்டினார்கள். சிரித்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு டிக்கெட் இல்லை.

அடுத்த ஞாயிறு விரிசல் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. பெர்சிஸ் மெல்ல அழுத்திப் பார்த்தாள், குத்திப் பார்த்தாள், பிடித்தாள், விட்டாள், எதிர்பாராத இடங்களில் திடீரென்று தொட்டாள். ஒவ்வொரு முறையும் 'ஆ' ஒழுங்காக, இஸ்திரி போட்டதுபோல வந்தது. அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சாப்பாட்டு மேஜையில், காரின் ஸ்டியரிங்கில், எதிரே பேசிக்கொண்டிருப்பவரின் முகத்தைப் பார்த்தபடியே தன் முழங்காலில், விரல்கள் அந்த ஒரே கட்டையைத் தேடிக்கொண்டிருந்தன. பதினாலு வயதில் சர்ச்சில் கீபோர்டு வாசிக்க உட்கார்ந்தவள், இப்போது முப்பத்தெட்டு. இத்தனை வருடத்தில் ஒரு சத்தம் அவளை இப்படி அலைக்கழித்ததில்லை.

ஆறாவது வாரம் சனிக்கிழமை மதியம், காலி அரங்கில் ஒத்திகை. ஒலிப்பலகைக்குப் பின்னால் ஜெயவேல் உட்கார்ந்திருந்தான். குரல் கொடுப்பவர்கள் வீட்டிலிருந்தபடி அணியும் பட்டையை வடிவமைத்த எஞ்சினியர்களில் ஒருவன். பட்டை நிறுவனத்தின் சார்பில் நான்கு வருடமாக அவள் நிகழ்ச்சிகளுக்கு வருபவன்.

"இருபத்து மூணு லேட்டா வருது, ஜெயவேல்."

"எவ்வளவுங்க?"

"எனக்கு நம்பர் தெரியாது. விரலுக்குத் தெரியுது."

அவன் திரையைப் பார்த்தான். "மத்த கட்டையெல்லாம் எட்டு மில்லி செகண்டுல வருது. இது முப்பத்தஞ்சு."

"அதான் சொன்னேன். மெஷின்ல கோளாறா?"

"மெஷின் சரியாத்தான் இருக்கு. தொண்டை இறுகுது." அவன் தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினான். "கழுத்துல ஒரு பட்டை, விலாவுக்குக் கீழ ஒரு பட்டை. நீங்க கட்டையை அழுத்தினா ரெண்டும் சின்னதா கரண்ட் குடுக்குது. வயிறு காத்தைத் தள்ளுது, தொண்டை அதிருது, சத்தம் வருது, அது லைன்ல வந்து இங்க ஒலிக்குது. ஆளு சும்மா தளர்வா உக்காந்திருந்தா உடனே வரும். பேசப் போனாலோ, எச்சில் முழுங்கினாலோ, பயந்தாலோ தொண்டை இறுகிக்கும். அதைத் தாண்டி கரண்ட் வேலை செய்யணும்."

"பயமா? வீட்டுல உக்காந்திருக்கவங்களுக்கு என்ன பயம்?"

"உங்க விரல்தான்," என்றான் ஜெயவேல். சொன்னபின் சொல்லியிருக்கக் கூடாதோ என்பதுபோல ஒயர்களைச் சுருட்ட ஆரம்பித்தான்.

பெர்சிஸ் மேடையிலிருந்து இறங்கி அவனிடம் வந்தாள். "அவங்களப் பாக்கணும்."

"முடியாதுங்க. வாசிக்கறவங்களுக்குக் கட்டை நம்பர் தவிர எதுவும் தெரியக் கூடாது. நீங்களும்தான் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"அந்த விரிசல அவங்க எப்படிச் செஞ்சாங்கன்னு மட்டும் கேட்டுட்டு வந்துர்றேன். இன்னொரு தடவை செய்யச் சொல்லணும். அவ்வளவுதான்."

ஜெயவேல் சுருட்டிய ஒயரைப் பிரித்து மறுபடி சுருட்டினான். "அவங்களும் உங்களப் பாக்கணுமுன்னு எழுதியிருக்காங்க. மூணு தடவை."

"எப்ப?"

"அந்த ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம்."

"அஞ்சு வாரமா வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்களா?"

"என் மேஜைக்குத்தான் வந்துச்சு. எதுக்குன்னு எழுதல. எனக்குக் கேக்க தைரியம் வரல."

அவன் கேபிளில் ஒட்டும் வெள்ளை டேப்பில் ஒரு துண்டைக் கிழித்தான். அதில் ஒரு பெயரும் முகவரியும் எழுதி, ஒலிப்பலகையின் ஓரத்தில் ஒட்டிவிட்டு, டீ குடிக்கப் போவதாகச் சொல்லி வெளியே போனான்.

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு பெர்சிஸ் போத்தனூரில் இருந்தாள். ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் ஒரு குறுகலான தெரு. கீழ்த்தளத்தில் தண்ணீர் கேன் குடோன். பக்கவாட்டில் இரும்புப் படிக்கட்டு. மேலே ஒரு வீடு. வரும் வழியெல்லாம் பேச வேண்டியதை மனதுக்குள் ஒத்திகை பார்த்திருந்தாள். அந்தப் பெண் ஒரு தேர்ந்த பாடகியாக இருக்கலாம், திறமையைக் காட்டத்தான் எழுதியிருப்பாள், தனி ஒப்பந்தம் கேட்பாள், கொடுத்துவிட வேண்டியதுதான் என்று நினைத்திருந்தாள்.

கதவைத் திறந்தவளுக்கு முப்பத்து மூன்று வயது இருக்கும். நைட்டிக்கு மேல் துண்டு. கழுத்தைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கு வெளுத்த வளையம் ஒன்று இருந்தது. கைக்கடிகாரத்தைக் கழற்றிய மணிக்கட்டைப் போல.

"மோகனப்பிரியாங்களா?"

"ஆமாங்க. வாங்க."

பெர்சிஸ் வாசலிலேயே நின்றுவிட்டாள். அந்தக் குரலை அவள் எத்தனை ஆயிரம் முறை அழுத்தியிருப்பாள்! அது ஒரு சொல் சொல்லி இதுவரை கேட்டதில்லை.

"நான் பெர்சிஸ். கீபோர்டு."

மோகனப்பிரியா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நேராகக் கைகளைப் பார்த்தாள். பிறகு நாற்காலி மேல் கிடந்த துணிகளை எடுத்துவிட்டு உட்காரச் சொன்னாள். தையல் மிஷின், குவியலாக பனியன் துணிகள், சுவரில் ஆணியில் தொங்கும் கறுப்புப் பட்டைகள் இரண்டு. அடுத்த அறையின் கதவு பாதி சாத்தியிருந்தது.

"நீங்க எழுதினது எனக்கு சனிக்கிழமைதான் தெரியும்," என்றாள் பெர்சிஸ்.

"தெரியுமுங்க. கம்பெனி குடுத்திருக்க மாட்டாங்க." மோகனப்பிரியா தரையில் உட்கார்ந்துகொண்டாள். "உங்க பாட்டு நாலும் எனக்கு மனப்பாடமுங்க. காதுல போட்டு விடுவாங்கல்ல, மூச்சு எடுக்கறதுக்கு. மூணு வருஷமா கேக்கறேன். எங்க தொடுவீங்க, எங்க விடுவீங்க, எனக்கு அத்துப்படி. முதல் பாட்டுல ரெண்டாவது நிமிஷத்துல இருந்து நாப்பது செகண்டு என்னைத் தொட மாட்டீங்க. மூணாவது பாட்டுல தறி சத்தம் வரும்போது ஒண்ணரை நிமிஷம். அந்த இடைவெளியிலதான் நான் பேசுவேன்."

"பேசுவீங்களா? பேசக் கூடாதுன்னு..."

"கூடாதுதானுங்க. நாலுல இருந்து ஏழு வரைக்கும் வாயே திறக்கக் கூடாது. ஆனா வீட்டுல நானும் புள்ளையும்தான். அவ அப்பா வேற ஊரு, வேற குடும்பம். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அவளுக்குப் பசிக்கும், கீழ போறேம்பா, எதையாவது கேப்பா. உங்க சந்துல பூந்து பதில் சொல்லிருவேன். அவளுக்கும் பழகிப்போச்சு. 'அம்மா, இப்ப ஆ வருமா, பேசுவியா?'ன்னு கேட்டுட்டுத்தான் ஆரம்பிப்பா."

பெர்சிஸுக்கு வியர்த்தது. மின்விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"அன்னிக்கு ரெண்டாவது பாட்டு," என்றாள் மோகனப்பிரியா. "இருபது நிமிஷம் பத்து செகண்டு ஆச்சுன்னா அடுத்து எனக்கு முழுசா ஒரு நிமிஷம் இருக்கு. அது தெரிஞ்சுதான் பால்கனிக்குப் போனேன். புள்ள கீழ குடோன் வாசல்ல சாக்பீஸ்ல கட்டம் போட்டுட்டிருந்தா. லாரிக்காரன் ரிவர்ஸ் எடுத்தான். அவன் பாக்கல. அவளும் பாக்கல. ஆத்வின்னு கத்த வாயத் தொறந்தேன்."

நிறுத்தினாள். கீழே கேன்கள் உருளும் சத்தம் கேட்டது.

"ஆத்விகா அவ பேரு. 'ஆ' வந்துச்சுங்க. 'த்' வரல."

பெர்சிஸ் பாதி சாத்தியிருந்த கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான் கத்தறேன், அது 'ஆ'ன்னு ராகம் பாடுது. முக்கி முக்கிக் கத்தறேன், உடைஞ்சு உடைஞ்சு வருது, திரும்பவும் 'ஆ'வாவே ஆயிருது. பட்டையப் பிடிச்சு இழுத்தேன். கட்டை அழுத்தியிருக்கறப்ப கொக்கி தொறக்காது. ஓடுனேன். பாதிப் படியில இருக்கறப்போ நீங்க விட்டீங்க. அதுக்குள்ள முடிஞ்சுபோச்சு."

"குழந்தை..."

"இருக்கா. உள்ளதான் படிச்சிட்டிருக்கா. இடது கால் பாதம் நசுங்கிருச்சு. ரெண்டு ஆபரேஷன் ஆச்சு, இன்னும் ஒண்ணு இருக்கு. லாரிச் சத்தத்துக்கு நடுவுல நான் 'ஆ'ங்கறது அவளுக்குக் கேட்டுச்சாமா. வழக்கமா ஞாயித்துக்கிழமை கேக்கறதுதானேன்னு திரும்பியே பாக்கலைங்க."

பெர்சிஸ் தன் விரல்களை மடக்கித் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். "என்னைத் திட்டத்தான் கூப்பிட்டீங்களா? திட்டுங்க."

"உங்களுக்குத் தெரியாதுல்ல. அதுக்கு எப்படித் திட்டறது?" மோகனப்பிரியா முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தாள். "நான் கேக்கணும்னுதான் வரச் சொன்னேன். அன்னிக்கு என்ற சத்தம் எப்படி இருந்துச்சு? ஊரே வாயில வெச்சிருக்கு. கீழ குடோன் பசங்களே கத்திக் காட்டறாங்க. ஆளுக்கொரு மாதிரி கத்தறாங்க. எனக்கு உள்ள இடி மாதிரி இருந்துச்சே தவிர காதுல ஒண்ணும் விழல. அவள நான் சரியாக் கூப்பிட்டனா, இல்லையான்னு தெரியணுமுங்க."

"பதிவு எதுவும் கிடையாது. யார்கிட்டயும் இல்ல."

"தெரியும். நீங்க பாடிக் காட்டுங்க. உங்களுக்குத்தான் சரியாத் தெரியும்."

பெர்சிஸ் மறுத்தாள். அந்தப் பெண் மறுபடி கேட்கவில்லை. தரையிலிருந்து அவளைப் பார்த்தபடியே இருந்தாள். ஐந்து வாரமாகத் தூக்கத்திலும் விழிப்பிலும் கேட்டுக்கொண்டிருந்த சத்தம்தான். ஒவ்வொரு நொடியும் பெர்சிஸுக்கு மனப்பாடம். கண்ணை மூடினாள். வாயைத் திறந்தாள். அவள் குரல் நல்ல குரல் அல்ல. ஆனால் நீளம் சரியாக வந்தது. மூன்றாவது நொடியில் கிழிந்தது. ஒட்டியது. மறுபடி கிழிந்தது.

அடுத்த அறையில் நாற்காலி நகர்ந்தது. இரும்பு வாக்கர் தரையில் டொக்கு டொக்கென்று வேகமாக வந்தது. கதவு திறந்தது. ஏழு வயதுச் சிறுமி, பதற்றமாக, இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னம்மா? எதுக்குக் கூப்பிட்ட?"

மோகனப்பிரியா எழுந்து போய் அவளைக் கட்டிக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின. சத்தம் வரவில்லை. பெர்சிஸ் எப்போது எழுந்தாள், எப்படிப் படி இறங்கினாள் என்று அவளுக்கே பின்னால் நினைவில்லை.

அன்று மதியமே ஜெயவேலின் பட்டறையில் போய் நின்றாள். நடந்ததைச் சொன்னாள். அவன் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான்.

"ஆளு பேச முயற்சி பண்ணா பட்டை தானா விட்டுரணும். அப்படி ஒண்ணு செய்ய முடியாதா?" என்று கேட்டாள் பெர்சிஸ். "இவ்வளவு படிச்சிருக்கீங்க, இது தோணலையா?"

"தோணுச்சுங்க."

"அப்புறம்?"

"முதல் வருஷம் வந்த பட்டை எல்லாத்துலயும் அது இருந்துச்சு. 'பேச்சு விடுப்பு'ன்னு பேரு. தொண்டை சொந்தமா அசைஞ்சாலே கரண்ட் நின்னுரும். நான்தான் எழுதினேன் அந்த நிரலை."

"எடுத்துட்டீங்களா? ஏன்?"

ஜெயவேல் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினான். எதையோ தேடித் திறந்து, திரையை அவள் பக்கம் திருப்பி வைத்தான்.

ஒரு புகார்க் கடிதம். நான்கே வரி. நிகழ்ச்சி நடுவே குரல் கட்டைகள் அவ்வப்போது ஊமையாகிவிடுகின்றன, குறிப்பாக இருபத்து மூன்று, நாலாயிரம் பேர் முன்னால் கட்டையை நம்பிக் கையை வைக்க முடியவில்லை, உடனே சரிசெய்யவும். கீழே அவளுடைய கையெழுத்து. மூன்று வருடத்துக்கு முந்தைய தேதி.

"இதே மாதிரி பதினெட்டுப் பேர் எழுதினாங்க," என்றான் ஜெயவேல். "முதல்ல வந்தது உங்களோடது. மேலிடத்துல எடுக்கச் சொன்னாங்க. எடுத்துட்டேன். சரி பண்ணிட்டோம்னு உங்களுக்குப் பதில்கூட அனுப்பினேன். நீங்க நன்றின்னு எழுதினீங்க."

பெர்சிஸ் அந்த நான்கு வரிகளையும் திரும்பத் திரும்பப் படித்தாள். பொய்யாக ஒரு வார்த்தைகூட இல்லை. எழுதிய நாளை நினைவுபடுத்திப் பார்த்தாள். வரவில்லை. எதையாவது சாப்பிட்டுக்கொண்டே எழுதியிருப்பாள்.

"திரும்பப் போடுங்க," என்றாள். "என் முப்பத்திரண்டு கட்டைக்கும்."

"கம்பெனி ஒத்துக்கணும்."

"என் புகார வெச்சுத்தான எடுத்தீங்க? என் கையெழுத்த வெச்சே திரும்பப் போடுங்க."

நிறுவனத்தோடு மூன்று நாள் இழுபறி. கட்டை ஊமையானால் கூட்டம் என்ன சொல்லும் என்றார்கள். மற்ற வாசிப்பாளர்கள் என்ன நினைப்பார்கள் என்றார்கள். கடைசியில், நிகழ்ச்சி கெட்டால் முழுப் பொறுப்பும் அவளுடையது என்று எழுதி வாங்கிக்கொண்டு சம்மதித்தார்கள். இந்த முறை ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை மறுபடி போத்தனூர் போனாள். மோகனப்பிரியா கீழே குடோன் வாசலில் கேன் எடுக்க நின்றிருந்தாள். பெர்சிஸ் அங்கேயே, தெருவில் வைத்தே சொன்னாள். கடிதத்தை, தேதியை, நன்றி சொன்னதை.

மோகனப்பிரியா கேனைக் கீழே வைத்தாள்.

"அத எழுதறப்ப என்ன நெனச்சீங்க?"

"எதுவும் நெனைக்கல. கட்டை ரிப்பேர்னு நெனச்சேன்."

"அன்னிக்கு வந்தப்ப உங்களத் திட்டத் தோணல. இப்பத் தோணுது." அவள் குரல் உயரவில்லை. "ஆனா புள்ள மேல இருந்து பாத்துட்டிருக்கா. அதனால இப்ப வேண்டாம். என்னைக்காவது திட்டுவேன். அன்னிக்கு நீங்க வரணும்."

"வர்றேன்."

"ஞாயித்துக்கிழமை பட்டையப் போட்டுட்டு உக்காந்திருப்பேன். புள்ளய வெச்சுக்கிட்டு வீட்டோட செய்ய, தையலை விட்டா எனக்கு வேற வேலை இல்ல. நீங்க சொல்றது வேலை செய்யுமான்னு பாப்போம்." கேனை இடுப்பில் ஏற்றிக்கொண்டு படியேறிப் போனாள்.

ஞாயிறு நாலு மணி. அரங்கு நிரம்பியிருந்தது. பெர்சிஸ் மைக்கில் ஒரே வாக்கியம்தான் சொன்னாள்: "இன்னிக்குச் சில கட்டைகள் வராது. அந்த நேரத்துல அவங்க எங்கயோ யார்கிட்டயோ பேசிட்டிருக்காங்கன்னு அர்த்தம்." கூட்டம் அதைப் புதிய பாட்டின் தலைப்பு என்று நினைத்துக் கைதட்டியது.

முதல் பாட்டின் நாலாவது நிமிடத்தில் ஏழாம் கட்டை ஊமையானது. பல்வரிசையில் ஒரு பல் இல்லாததுபோல அந்த இடம் காலியாகத் தெரிந்தது. பிறகு முப்பத்தொன்று. பிறகு பன்னிரண்டும் பதினெட்டும் ஒன்றாக. பெர்சிஸின் கை தன்னிச்சையாகப் பக்கத்துக் கட்டைக்குத் தாவியது, இழுத்துக்கொண்டாள். ஓட்டைகளை அடைக்கவில்லை. ஒவ்வொரு ஓட்டை விழும்போதும் யார், என்ன, ஏன் என்று மனம் அலைந்தது. முன்பெல்லாம் கட்டை பேசும், அவளுக்கு எந்தக் கேள்வியும் இருந்ததில்லை.

இரண்டாவது பாட்டு வந்ததும் கூட்டம் அந்தச் சத்தம் வேண்டுமென்று கேட்டது. வார்த்தையால் கேட்கவில்லை. ஒரு மூலையில் ஒருவன் "ஆ... ஆ..." என்று ஆரம்பித்தான். பத்துப் பேர் சேர்ந்தார்கள். பிறகு அரங்கு முழுக்க, கையைத் தூக்கி, சிரித்துக்கொண்டு, ஒரு தாயின் அலறலைக் கோரஸாகப் பாடினார்கள். பெர்சிஸ் கட்டைகளிலிருந்து தலையைத் தூக்கினாள். மைக் பக்கத்தில்தான் இருந்தது. சொல்லிவிடலாம். சொன்னால் இன்னும் அதிகமாகத்தான் கேட்பார்கள் என்று தோன்றியது; சொல்லவில்லை.

இருபத்து மூன்றை மெதுவாகத் தொட்டாள்.

ஒன்றும் வரவில்லை.

பத்து நிமிடம் கழித்து மறுபடி தொட்டாள். இல்லை. மூன்றாவது பாட்டில், அவள் பழக்கமாக இடைவெளி விடுகிற ஒன்றரை நிமிடத்துக்குப் பிறகு தொட்டாள். இல்லை. எட்டு மில்லி செகண்டிலும் இல்லை, முப்பத்தைந்திலும் இல்லை, எதுவுமே இல்லை. ஜெயவேலைப் பார்த்தாள். அவன் தூரத்திலிருந்து உதட்டைப் பிதுக்கி, அவள் காதுக்கருவியில் சொன்னான்: பட்டை இணைப்பில்தான் இருக்கிறது, தொண்டை ஓயாமல் அசைகிறது, அவ்வளவுதான் தெரியும். லாரி, படிக்கட்டு, வாக்கர் என்று பெர்சிஸின் மனம் ஓடியது. கைகள் மட்டும் வாசித்துக்கொண்டிருந்தன. ஐந்தரை மணிவாக்கில் ஆட்கள் வெளியேற ஆரம்பித்தார்கள். ஆறரைக்குப் பாதி அரங்கு காலி. மிச்சம் இருந்தவர்களில் சிலர் ஆடுவதை விட்டுவிட்டு, தரையில் உட்கார்ந்து, எந்தக் கட்டை விழுகிறது என்று கவனித்துக்கொண்டிருந்தார்கள்.

ஏழு மணிக்குக் கடைசிச் சத்தம் அடங்கியதும் பெர்சிஸ் வணக்கம்கூடச் சொல்லாமல் மேடைக்குப் பின்னால் ஓடினாள். போனை எடுத்து மோகனப்பிரியாவின் எண்ணைப் போட்டாள். நாலாவது ரிங்கில் எடுத்தார்கள்.

"மோகனப்பிரியா, என்ன ஆச்சு?"

"என்னங்க ஆச்சு?"

"ரெண்டு மணி நேரமா உங்க கட்டை வரவே இல்ல."

"அட, நீங்க அழுத்துனீங்களா? தெரியவே இல்லீங்க." பின்னால் பாத்திரச் சத்தம் கேட்டது. "இவ சட்னி காரம்னு தோசைய வெச்சுட்டு உக்காந்துட்டா. அதுல ஆரம்பிச்சது. அப்புறம் பள்ளிக்கூடத்துக் கதை, எவளோ ஒருத்தி பென்சில் திருடுன கதை, நாய்க்குட்டி வேணுமாம், அதுக்கொரு சண்டை. வாய மூடவே இல்லீங்க ரெண்டு பேரும். ஏனுங்க, நிகழ்ச்சி கெட்டுப்போச்சுங்களா?"

"கெட்டுப்போச்சு," என்றாள் பெர்சிஸ். சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

அந்தப் பக்கம் போன் கைமாறியது.

"நீங்கதான் எங்கம்மாவ வாசிக்கறவங்களா?"

"ஆமா, கண்ணு."

"இன்னிக்கு ஏன் வாசிக்கல?"

"உங்கம்மா பேசிட்டிருந்தாங்க."

குழந்தை கொஞ்சம் யோசித்தது.

"இன்னும் முடியல," என்றாள் ஆத்விகா. "நீங்க அப்புறமா கூப்பிடுங்க."

போன் வைக்கப்பட்டது.